‘பயம் போகட்டும், அப்புறம் தனியா அனுப்பலாம்’ - ஆட்டிசம் உள்ள இளைஞர்களின் வீடுகளில் எங்கே தவறுகிறது வரிசை?

மதுரை திருநகரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பையனுக்கு வயது 22. பி.காம். முடித்துவிட்டார். பெரியார் பேருந்து நிலையத்துக்கு எந்த நம்பர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூட தனியாக ஏறியதில்லை. தெருமுனைக் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கியதில்லை. கொரியர்காரர் மணி அடித்தால் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கையெழுத்துப் போடுவார்.

அவருக்கு ஆட்டிசம். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று பத்து வருஷம் அலைந்ததில் படிப்பு வந்தது, பேச்சு வந்தது. பதின்பருவத்தில் பதற்றமும் கூடவே வந்தது. அது மட்டும் போகவில்லை.

இது எந்தவொரு தனிப்பட்ட வீட்டின் கதையும் இல்லை. ஆனால், ஆட்டிசம் உள்ள இளைஞர் இருக்கும் வீடுகளில் இதில் ஏதாவது ஒரு காட்சி பழகியதாகவே இருக்கும். பழகிய இரண்டு வசனங்களும் உண்டு. பகலில் சொல்வது: “பயம் கொஞ்சம் குறையட்டும், அப்புறம் தனியா அனுப்பலாம்.” ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொல்வது: “நாம போன பிறகு இவனை யாருங்க பார்ப்பா?”

முதல் வசனம் மாறாமல் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஏனென்றால் அந்த வரிசையே தலைகீழ். பயம் குறைந்த பிறகு வெளியே போவது என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகப் போகத்தான் பயம் குறையும். அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டிய முதல் ஆள் அந்த 22 வயது இளைஞர் இல்லை. வீட்டில் இருக்கும் மற்றவர்கள்.

ஆட்டிசத்தோடு பதற்றம் ஏன் ஒட்டிக்கொண்டே வருகிறது?

முதலில் ஒரு விஷயம். ஆட்டிசம் நோய் இல்லை; மூளை உலகத்தை உள்வாங்கும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. அதைப் ‘போக்கும்’ மாத்திரை எதுவும் கிடையாது. (தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றொரு சொல் புழங்குகிறது. மதி இறுகிப்போய்விட்டது என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வதை எந்த வீடும் விரும்பாது. ‘ஆட்டிசம்’ என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.)

பதற்றம் அப்படியில்லை. அது தனிப் பிரச்னை, அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது ரொம்ப சகஜம். ஆட்டிசம் உள்ள சிறார்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பதற்றக் கோளாறாவது இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011-ல் சொன்னார்கள். பெரியவர்கள் பற்றி 2019-ல் வந்த இதேபோன்ற தொகுப்பின்படி, 27 சதவீதம் பேருக்கு இப்போது பதற்றக் கோளாறு இருக்கிறது. வாழ்நாளில் எப்போதாவது இருந்தது என்று பார்த்தால் 42 சதவீதம்.

காரணங்களில் முக்கியமானது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்குவதில் இருக்கும் சிரமம். நமக்கெல்லாம் பஸ் பத்து நிமிஷம் லேட்டானால் எரிச்சல் வரும், அவ்ளோதான். ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் அன்றைய நாள் முழுக்கக் குலைந்துபோகும். டைம் டேபிளை மனப்பாடம் செய்வது பொழுதுபோக்குக்காக மட்டும் இல்லை. எதிர்பாராதது எதுவும் வந்துவிடக் கூடாது என்று போட்டுக்கொள்ளும் வேலி அது.

இன்னொன்று புலன்கள். பேருந்து நிலையத்தின் ஹாரன் சத்தம், டியூப் லைட்டின் ரீங்காரம், பக்கத்தில் நிற்பவரின் சென்ட் - மற்றவர்களுக்குப் பின்னணியில் கரைந்துபோவது இவர்களில் பலருக்குக் கரைவதில்லை. அதோடு பள்ளிக்கூட நினைவுகள். வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து சிரித்தது, டீச்சர் எல்லார் முன்னாடியும் திட்டியது. பயப்பட அவர்களுக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. “சும்மா பயப்படுறான்” என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

பலருக்குத் தன் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் கஷ்டம். “பயமா இருக்கா?” என்று கேட்டால் “தெரியல” என்பார்கள். பொய் இல்லை, நிஜமாகவே தெரியாது. வயிறு பிசைகிறது, கை சில்லிடுகிறது என்பது தெரியும். அது பயம் என்பது தெரியாது. இவர்களிடம் “என்ன ஃபீல் பண்ற?” என்று கேட்பதைவிட “நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குது? பத்துக்கு எத்தனை?” என்று கேட்டால் பதில் வரும்.

அம்மா செய்வது தப்பா?

தப்பில்லை. ஆனால் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கொரியர் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, அம்மா ஓடிவந்து வாங்குகிறார், பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிமிஷம் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மகனின் மூளை அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறது: ‘கதவைத் திறப்பது ஆபத்து, அம்மா வந்ததால் தப்பித்தேன்.’ அடுத்த தடவை மணி அடிக்கும்போது பதற்றம் இன்னும் கொஞ்சம் உயரத்தில் தொடங்கும். இப்படி ஆயிரம் தடவை. உறவினர் வந்தால் அவருக்குப் பதில் அம்மா பேசுவார். ஹோட்டலில் அவருக்கான ஆர்டரை அப்பா சொல்வார். கல்லூரி ஆபீஸில் ஃபார்ம் நிரப்ப அக்கா லீவு போட்டு வந்தார். ஒவ்வொன்றும் அன்பினால் செய்ததுதான். எல்லாம் சேர்ந்து 22 வயதில் ஒருவரின் உலகத்தை ஒரு அறையும் ஒரு போனுமாகச் சுருக்கிவிடுகிறது.

பதற்றத்துக்காகக் குடும்பம் இப்படி வளைந்துகொடுப்பதை உளவியலாளர்கள் நீண்ட காலமாகவே கவனித்துவருகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் இதற்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் குழந்தை சிகிச்சைக்கு வரவே வேண்டாம்; பெற்றோர் மட்டும் வந்தால் போதும். வளைந்துகொடுப்பதை எப்படி, எந்த வேகத்தில் குறைப்பது என்று அவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். குழந்தைகளுக்கே நேரடியாகத் தரும் வழக்கமான சிகிச்சைக்கு இது சளைத்ததில்லை என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த ஆய்வு பதற்றம் உள்ள குழந்தைகளைப் பற்றியது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு அப்படியே எடுத்து மாட்ட முடியாது. ஆனால் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அதில் வலுவான குறிப்பு இருக்கிறது.

அதற்காக நாளைக் காலையில் “இனிமே நீயே பார்த்துக்கோ” என்று கையை உதறுவதும் இல்லை. அது இன்னொரு எல்லை. பத்து வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த கையை ஒரே நாளில் எடுத்தால் விழத்தான் செய்வார். விழுந்ததைப் பார்த்து “அப்பவே சொன்னேன்ல, இவனால முடியாது” என்று வீடு பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஒரு பால் பாக்கெட்டின் பாடத்திட்டம்

அந்தத் திருநகர் வீட்டுக்கே வருவோம். எங்கிருந்து தொடங்குவது? பஸ் வேண்டாம். பால் பாக்கெட்.

எதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான் என்பது முதல் விதி. அம்மாவுக்கு அவர் வங்கிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அவருக்கோ, தினமும் சாயங்காலம் குடிக்கும் ரோஸ் மில்க்கைத் தானே வாங்க வேண்டும் என்று ஆசை. அப்படியென்றால் ரோஸ் மில்க்தான் முதல் பாடம்.

இரண்டாவது, முழுக் காரியத்தையும் தாளில் எழுதுவது. வாய்ச்சொல் காற்றில் போய்விடும். பதற்றம் ஏறும்போது காது வேலை செய்யாது, கண் வேலை செய்யும். செருப்பு மாட்டுவது, பணம் எடுப்பது, இடது பக்கமாகக் கடைசி வரை நடப்பது, கடையில் கூட்டம் இருந்தால் எங்கே நிற்பது, என்ன வார்த்தை சொல்வது, மீதி சில்லறையை எப்படி எண்ணுவது. போன் நோட்ஸிலும் வைத்துக்கொள்ளலாம். இதில் எந்தப் படி ‘பத்துக்கு எட்டு’, எது ‘பத்துக்கு இரண்டு’ என்று அவரே நம்பர் போடட்டும். வீட்டில் இருப்பவர்கள் ஆச்சரியப்பட்டுப்போவார்கள். ரோட்டைக் கடப்பது ஒன்றுமே இல்லை, மீதிச் சில்லறைக்காகக் கடைக்காரர் முன்னால் காத்து நிற்கும் அந்தப் பத்து நொடிதான் நரகம் என்பது அப்போதுதான் தெரியவரும். ஜிபே போட்டால் அந்தப் பத்து நொடியே இருக்காது. எட்டு, நாலாக இறங்கிவிடும்.

முதல் வாரம் அம்மா கடை வரை கூடவே போகிறார், பேசுவது மகன். அடுத்து, அம்மா இரண்டு வீடு தள்ளி நிற்கிறார். அப்புறம் கேட் அருகில். அப்புறம் வீட்டுக்குள். ஒவ்வொரு படியிலும் அது சலித்துப்போகும் வரை இருக்க வேண்டும். ஒரு தடவை நல்லபடியாக நடந்துவிட்டது என்பதற்காகத் தாவக் கூடாது. சில படிகளுக்கு மூன்று நாள் போதும். சிலவற்றுக்கு மூன்று மாதம் ஆகும்.

இதுவரை பலரும் செய்வார்கள். அடுத்ததுதான் முக்கியம். ஒருநாள் கடையில் ரோஸ் மில்க் இருக்காது.

நிச்சயமின்மைதான் பதற்றத்தின் வேர் என்றால், எல்லாம் சரியாக நடக்கும் நாட்களில் மட்டும் பழகி என்ன பிரயோஜனம்? எனவே கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியிருக்கும். “அண்ணாச்சி, வர்ற வியாழக்கிழமை தம்பி வந்து கேட்டா, ‘இல்ல’ன்னு சொல்லிருங்க.” இதை மகனுக்குத் தெரியாமல் செய்யும் சதியாக ஆக்கிவிடக் கூடாது. “இந்த வாரத்துல ஒருநாள் கடையில இல்லைன்னு சொல்வாங்க. என்னிக்குன்னு சொல்ல மாட்டோம். அப்போ என்ன செய்யலாம்?” என்று அவரிடமே கேட்டு, தாளின் பின்பக்கத்தில் பதிலை எழுதிவைக்க வேண்டும். பாதாம் பால் வாங்கலாம். அடுத்த தெருக் கடைக்குப் போகலாம். சும்மா திரும்பியும் வரலாம். எல்லாமே சரியான விடைதான். வியாழக்கிழமை அவர் பாதாம் பாலோடு திரும்பிவந்தால், பி.காம். டிகிரியைவிடப் பெரிய விஷயம் அந்த வீட்டில் நடந்திருக்கிறது.

சமையலறைக்கு இன்னொரு உத்தி உண்டு: கடைசிப் படியிலிருந்து கற்பிப்பது. டீ போடுவது என்றால் எல்லாவற்றையும் அம்மா செய்துவிட்டு, வடிகட்டி டம்ளரில் ஊற்றுவதை மட்டும் மகனிடம் விடுவது. முதல் நாளே ‘நான் போட்ட டீ’ கையில் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வந்தால் போதும்.

எப்போது தள்ளக் கூடாது?

இந்த இடத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை வேண்டும். ஏனென்றால் ‘பயத்தை எதிர்கொள்’ என்ற அறிவுரை ஆட்டிசம் உள்ளவர்களிடம் பல நேரம் கொடுமையாக முடிந்திருக்கிறது.

பயம் பழகப் பழகக் குறையும். புலன் வலி அப்படிக் குறைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரஷர் குக்கர் விசில் ஒருவருக்குக் காதில் ஊசி குத்துவது மாதிரி இருக்கிறதென்றால், நூறு விசில் கேட்கவைத்தால் நூறு தடவை குத்தும், அவ்வளவுதான். அதற்குத் தீர்வு ஹெட்போன். பேருந்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போவது தோல்வி இல்லை; கண் தெரியாதவர் கண்ணாடி போடுவதை யாரும் தோல்வி என்பதில்லையே. எது பயம், எது வலி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், அவரிடமே கேட்கலாம். பேசாதவர்கள் என்றால் எழுதியோ படத்தைக் காட்டியோ சொல்வார்கள். இதற்கென்றே சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலிகள் இருக்கின்றன.

தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, இதுவரை தெரிந்த வேலைகள்கூட கைவிட்டுப்போகின்றன என்றால் ஏணியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதற்றத்துக்கு மருந்து உண்டு. அதைச் சாப்பிடுவதில் வெட்கம் இல்லை. எண்ணங்களை மாற்றிப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு. ஆனால், ஆட்டிசம் தெரிந்த சிகிச்சையாளராக இருந்தால் அதைப் படமாகவும் எழுத்தாகவும் மாற்றித் தருவார். ஆட்டிசம் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. அவசரத்துக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. சின்ன வயதிலிருந்து “உட்கார், பார், செய்” என்று சொன்னபடி கேட்பதற்கே பழக்கப்படுத்தப்பட்டவர், வெளியில் யார் என்ன சொன்னாலும் கேட்பார். போனில் ஓடிபி கேட்பவனுக்கும் சொல்வார், தொடக்கூடாத இடத்தில் தொடுபவனுக்கும் அசையாமல் நிற்பார். எனவே வீட்டில் அவர் “வேண்டாம்” என்று சொல்வதற்கு மதிப்பு இருக்க வேண்டும். “இந்தச் சட்டை வேண்டாம்”, “அத்தை கன்னத்தைக் கிள்ள வேண்டாம்” என்பதில் தொடங்க வேண்டும் அது. மகள்கள் உள்ள வீடுகளில் வெளியே அனுப்புவது பற்றிய பயம் பதற்றக் கோளாறால் வருவதில்லை. தெருவைப் பார்த்து வருவது. மகனுக்குப் போடும் அதே ஏணியை மகளுக்கும் போடு என்று சொல்வது வெளியே நின்று பார்ப்பவர்களின் வசதி. அங்கே படிகள் இன்னும் சின்னதாக இருக்கும், கூட வரும் தோழி தேவைப்படுவார்.

உலகின் ‘முதல் கேஸ்’ என்ன ஆனார்?

‘நாம போன பிறகு யார்’ என்ற கேள்வியை முதன்முதலில் எதிர்கொண்ட வீடுகளில் ஒன்று அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் இருந்தது. லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக மருத்துவ உலகத்துக்கு அறிமுகமானது. அதில் முதலாவதாக வருபவர் டொனால்ட் டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தார்கள். சுமார் ஒரு வருஷத்தில் பெற்றோர் பிடிவாதமாகத் திரும்ப அழைத்துவந்துவிட்டார்கள்.

1942-ல், ஊருக்குச் சுமார் பத்து மைல் தள்ளி இருந்த ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் சிறுவன் டொனால்டைத் தங்கவைத்தார்கள். 1945-ல் அங்கே போய்ப் பார்த்த கேனர் அசந்துபோனார். டொனால்டுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதை நிறுத்தச் சொல்லாமல், கிணறு தோண்டவைத்து ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமா? சோளக்கொல்லையில் உழுதுகொண்டே வரிசைகளை எண்ணு. தெரபி என்ற வார்த்தையே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருடைய பிடித்தத்துக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வேலையை நம்பி ஒப்படைத்தார்கள்.

டொனால்ட் கல்லூரிக்குப் போனார். ஊரில் இருந்த வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். 17 வயதில் இல்லை, 27-ல். கோல்ஃப் ஆடினார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றிவந்தார். பெற்றோர் இறந்த பிறகும் அதே வீட்டில் வாழ்ந்து, 2023-ல் 89 வயதில் காலமானார்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த வங்கி அவருடைய அம்மா வீட்டாருடையது. பணம் இருந்த குடும்பம். வெள்ளையர் குடும்பம், அந்தக் காலத்து மிஸிஸிப்பியில். எல்லோருக்கும் அது வாய்க்காது. கேனரின் அதே 11 பேரில் அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்துபோனதை அவரே 1971-ல் வருத்தத்தோடு பதிவு செய்தார். ஆனால் பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் டொனால்டிடம் இருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அவரைத் தேடி ஊருக்குப் போன பத்திரிகையாளர்களை ஊர்க்காரர்கள் சிலர் தனியாக நிறுத்தி, டொனால்டுக்கு ஏதாவது கெடுதல் செய்தால் சும்மா விட மாட்டோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். ஒரு ஊர் அவரைத் தன் ஆளாக வைத்திருந்தது. நம் அண்ணாச்சி கடையில் தொடங்குவதும் அந்த மாதிரி ஒன்றுதான்.

18 முடிந்ததும் எல்லாவற்றுக்கும் ‘கார்டியன்’ வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆட்டிசம் இருந்தாலும் 18 வயது முடிந்தவர் சட்டத்தின் கண்ணில் மேஜர்தான். 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு மூலம் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவை என்றால் எந்த எந்தக் காரியங்களுக்கு என்று அந்தக் குழு பரிசீலிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கும் ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிலருக்கு முழு ஆதரவு தேவைதான்; அது உண்மை. ஆனால் கவுன்டரில் யாரோ கேட்டார்கள் என்பதற்காக எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டு அதற்கு ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைப்பது சரியில்லை.

பணத்துக்கு இப்போது கைக்கெட்டிய ஒரு வழி இருக்கிறது. 2024-ல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள். அக்காவின் கணக்கோடு தம்பியின் போனை இணைத்துவிட்டால், அவர் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் அக்கா ஓகே கொடுக்கலாம். அல்லது மாதம் 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்ற உச்ச வரம்புக்குள் அவரே செலவு செய்யும்படி விட்டுவிடலாம். முதல் முறையில் தொடங்கி இரண்டாவதற்கு நகர்வது நல்ல ஏணி. அந்தப் பணத்தில் அவர் நாலு தடவை ‘வேஸ்ட்’டாக ஏதாவது வாங்குவார். வாங்கட்டும். முதல் சம்பளத்தில் யார்தான் வாங்கவில்லை?

வேலை என்று வரும்போது, அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இட ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாப் பிரிவினரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தனியாரில் எஸ்ஏபி போன்ற ஐடி நிறுவனங்கள் 2013 வாக்கிலேயே ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று வேலைத் திட்டம் தொடங்கின. நல்லதுதான். ஆனால் அதிலிருந்து ‘ஆட்டிசம்னா கோடிங்ல ஜீனியஸ்’ என்றொரு புதுக் கதையும் கிளம்பிவிட்டது. பெரும்பாலானவர்கள் ஜீனியஸ் இல்லை, நம்மைப் போலத்தான். ஜெராக்ஸ் கடையிலும் லைப்ரரியிலும் அக்கவுன்ட்ஸ் டேபிளிலும் ஒழுங்காக வேலை பார்க்கக்கூடியவர்கள். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வேலை இல்லை, இன்டர்வியூதான். “உங்களைப் பற்றிச் சொல்லுங்க” என்ற கேள்வியைவிட மோசமான நிச்சயமின்மை வேறு என்ன இருக்கிறது? கேள்விகளை முந்தின நாளே மெயிலில் அனுப்பினால் போதும். கம்பெனிக்குப் பைசா செலவில்லை. 2016 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் ஆபீஸின் கொள்கையைப் பார்த்திருக்கிறீர்களா? எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஆள் அவர். பெங்களூரிலோ ஓஎம்ஆரிலோ வேலை. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தம்பியைப் பற்றிய கேள்வியும் கூடவே வரும். ‘நாம போன பிறகு’ என்ற வசனத்தின் மறுமுனையில் நிற்பவர் அவர்தான்; அவரிடம் யாரும் நேராகக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டும். அவரால் எது முடியும், எது முடியாது என்பதை அப்பா அம்மா இருக்கும்போதே உட்கார்ந்து பேசுவது சங்கடமாக இருக்கும். பேசாமல் விட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பேச வேண்டிவரும்.

அக்காவிடம் அம்மாவிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது: தூரம். கூடவே இல்லாததால் ஓடிவந்து எதையும் செய்துகொடுக்க முடியாது. எனவே பஸ் பயணப் பயிற்சிக்கு அவர்தான் சரியான ஆள்.

ஏற்பாடு சிம்பிள். ஏறியதும் தம்பி ‘ஏறிட்டேன்’ என்று ஒரு மெசேஜ் போடுவார், இறங்கியதும் ‘இறங்கிட்டேன்’. லொகேஷன் பகிர்வது அவர் சம்மதித்தால் மட்டும். நடுவில் யாரும் போன் செய்யக் கூடாது. பையில் ஒரு கார்டு: ‘எனக்கு ஆட்டிசம் உள்ளது. பதற்றமாக இருந்தால் பேச முடியாது. இரண்டு நிமிடம் கொடுங்கள்.’ கீழே ஒரு போன் நம்பர். கண்டக்டரிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டினால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கூட வருபவருக்கும் இல்லை. எந்த அட்டையை எப்போது எடுப்பது என்பதையும் வீட்டிலேயே பத்துத் தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. முதலில் ஒரு ஸ்டாப், கூடவே அப்பா. அப்புறம் அப்பா அதே பஸ்ஸில், ஆனால் பின் சீட்டில். அப்புறம் அப்பா டூ வீலரில் பின்னாலேயே. பல வாரங்கள் போயிருக்கும்.

கடைசியாக ஒரு காலை, அவர் மட்டும். 9.40-க்கு ‘ஏறிட்டேன்’ வந்துவிட்டது. பெரியாருக்கு வழக்கமாக அரை மணி நேரம்கூட ஆகாது. 10.10. மெசேஜ் இல்லை. 10.15. வழியில் டிராஃபிக்காக இருக்கலாம். அம்மா போனைக் கையில் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, மூன்றாவது தடவை பெங்களூருக்கு அடிக்கிறார். “நீ கூப்பிட்டுப் பாரும்மா, எனக்குக் கை நடுங்குது.”

“பத்தரை வரைக்கும்னு பேசிருக்கோம்லம்மா. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. உங்களுக்குப் பத்துக்கு எத்தனைம்மா?”

“ஒன்பது.”

“சரி, அப்படியே உட்காருங்க. நானும் லைன்ல இருக்கேன்.”